மூன்றாம் கட்சியும் பெருங்கட்சியும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் அரசியலில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டுமே பெருங்கட்சிகள். இவற்றிற்கு வெளியே நின்று வெற்றி பெறுவது அரிது. அவ்வாறு வென்ற ஒருவர், பின்னர்ப் பெருங்கட்சியில் இடம்பெற்ற வரலாறு நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்தது.

அம்மாநிலக் குடியரசுக் கட்சிக்கு அந்நாளில் தலைமை தாங்கியவர் ஆளுநர் நெல்சன் ராக்கபெல்லர். மக்கள் நலத்திற்காக அரசு தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. வரியும் அரசின் அதிகாரமும் குறைய வேண்டும் என்று கருதியவர்கள், 1962-ஆம் ஆண்டில் கன்சர்வேட்டிவ் கட்சியை, அதாவது பழமை பேணுவோர் கட்சியைத் தொடங்கினர். குடியரசுக் கட்சியைத் தம் பக்கம் திருப்புவதே அவர்களுடைய நோக்கம். தேர்தல் சட்டமும் இதற்குத் துணை நின்றது. அங்கே ஒரே வேட்பாளரை இரு கட்சிகள் நிறுத்தலாம். இரு கட்சிகளின் பெயரிலும் விழும் வாக்குகள் ஒன்றாகக் கூட்டப்படும். ஆகவே, ஆதரவைத் தந்தோ மறுத்தோ பெருங்கட்சியைப் பணியவைக்கச் சிறுகட்சியால் இயன்றது.

இக்கட்சியின் சார்பில் ஜேம்ஸ் பக்லி என்பவர் 1968-இல் செனட் சபைத் தேர்தலில் நின்றார். 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தும் தோற்றார். 1970-இல் மீண்டும் நின்றார். குடியரசுக் கட்சியின் சார்பில் நின்ற சார்லஸ் குடெல், வியட்நாம் போரை எதிர்த்தவர். ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்டு ஆட்டிங்கரும் அதே கருத்தினர். போரை வெறுத்தோர் வாக்குகள் இருவருக்கும் பிரிந்தன. நூற்றுக்கு 39 வாக்குகளே பெற்ற பக்லி வென்றார்!

செனட் சபையில் அவர் குடியரசுக் கட்சி உறுப்பினர்களுடன் அமர்ந்தார். குழுக்களில் இடம் பெறுவதற்கும் பெருங்கட்சியின் துணை வேண்டியிருந்தது. எனினும் அவர் தம் மனச்சான்றை அடகு வைத்தாரல்லர். வாட்டர்கேட் ஊழல் நாட்டை உலுக்கியபோது, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைவர் நிக்சன் பதவி விலக வேண்டும் என்று 1974 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். நிக்சன் ஆகஸ்டில் விலகினார். பக்லியை ஆதரித்தோர் பலர் அவர் மீது சினங்கொண்டனர்.

1976-இல் குடியரசுக் கட்சியே அவரைத் தன் வேட்பாளராக நிறுத்தியது. பழைய கட்சியும் துணை நின்றது. ஆயினும் இம்முறை எதிரணி வாக்குகள் பிரியவில்லை. நூற்றுக்கு 45 வாக்குகள் பெற்றும், ஜனநாயகக் கட்சியின் டேனியல் பாட்ரிக் மொய்னிஹானிடம் தோற்றார். 39 வென்றது, 45 தோற்றது. வெற்றி தோல்விகளை வாக்குகளின் எண்ணிக்கை மட்டுமன்றி, அவை பிரியும் முறையும் முடிவு செய்கிறது என்பதை இங்கே காண்கிறோம்.

எனினும் அச்சிறுகட்சியின் உழைப்பு வீண்போகவில்லை. வரியையும் அரசின் அதிகாரத்தையும் குறைக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தே, குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரீகன் 1980-இல் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் பெருங்கட்சியில் சேரும்போது, அவர் பெற்ற பதவியை மட்டும் பார்த்து மதிப்பிடலாகாது. அவர் தம்முடன் கொண்டுசென்ற கொள்கை எது, சென்ற இடத்தில் அஞ்சாது பேசினாரா என்பவற்றையும் வரலாறு பயில்வோர் ஆராய்தல் வேண்டும்.