ஏரிக்கரைக் கன்னிமாரும் எல்லைத் தெய்வங்களும்

பூதம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. நிலம், நீர், தீ, வளி, வானம் ஆகிய ஐந்தும் பூதங்கள். நாற்சந்தியில் நின்று காவல் புரிவதாக நம்பப்பட்ட பேருருவமும் பூதமே. புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரைப் பற்றி உண்ணும் எனச் சிலப்பதிகாரம் பேசுகின்றது. ஐரோப்பாவிலே பாரசெல்சசு (1493–1541) என்னும் மருத்துவர், நிலம், நீர், காற்று, தீ ஆகிய நான்கிலும் தனித்தனி உயிர்கள் உறைவதாக வகுத்து எழுதினார். அவர் ஏட்டில் வகுத்ததை நம் முன்னோர் ஏரிக்கரையில் கல் நட்டு வகுத்திருந்தனர்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் ஏரிகளால் வாழ்ந்த நிலம். கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரியின்றி ஊரின் பெயரையே சொல்ல இயலாது. தொண்டை மண்டலத்து ஏரிக்கரைகளில், மதகுக்கு அண்மையில், வேம்பின் நிழலிலோ பனையின் அடியிலோ ஏழு கற்கள், கல் கிடைக்காவிடின் ஏழு செங்கற்கள், மஞ்சள் பூசி நிறுத்தப்பட்டிருக்கும். இவர்களே கன்னிமார். பெருங்கோயில்களில் உள்ள எழுவருக்குப் பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி எனப் பெயர்களும் ஊர்திகளும் உண்டு. கரைமேல் நிற்கும் எழுவருக்கோ தனிப்பெயரும் இல்லை, ஊர்தியும் இல்லை. கல் முன்னது, பெயர் பின்னது என்பதே என் துணிபு. மலையிலும் சுனையிலும் அணங்கு உறையும் என்ற சங்க கால நம்பிக்கையின் தொடர்ச்சியை இக்கற்களில் காண்கிறேன்.

இத்தெய்வத்தின் அருகில் நாள்தோறும் நின்றவர் யார்? மதகைத் திறந்தும் அடைத்தும், வயல்தோறும் நீர் பாய்ச்சியும், கரையின் கசிவை இரவிலும் பார்த்தும் வந்த நீர்கட்டிகளும் கம்புக்கட்டிகளும் ஆவர். அவர்களுட் பெரும்பாலோர் நம் சேரிகளைச் சேர்ந்தோரே. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து பார்னார்டு என்பார் தொகுத்த கணக்குகளில், ஊர்ப்பணியாளர்க்கு விளைச்சலிலிருந்து ஒதுக்கிய பங்குகள் பதிவாகியுள்ளன. அது பிச்சையன்று, உரிமை. ஆயினும் ஊர் முழுமைக்கும் நீர் திறந்துவிட்ட அதே கைகள் ஊர்க்கிணற்றின் கயிற்றைத் தொடலாகாது என்றனர்! மராட்டிய நாட்டு மகத்தில் 1927 ஆம் ஆண்டு மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியதன் பொருளை, ஏரிக்கரையில் வாழ்ந்த நமக்கு வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை.

நீருக்குக் கன்னிமார் போல நிலத்துக்கு எல்லையம்மனும் பிடாரியும். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் பொறித்த கல்வெட்டுகளில், வரி நீங்கிய நிலங்களுள் ஊர்நத்தம், குளம், சுடுகாடு, பிடாரி கோயில் ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம் பெறுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தீண்டாமை கல்லில் ஏறிவிட்டது என்பதற்கு இது சான்று. ஆனால் எல்லை பற்றிய அறிவை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. இரண்டு ஊர்கட்கு எல்லைத் தகராறு வந்தால், பறையர் ஒருவர் தலையில் நீர்க்குடம் சுமந்து நடந்த வழியையே எல்லையாகக் கொண்டனர் என 19 ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறும். சென்னைக் கறுப்பர் நகரத்துத் தேவியின் திருவிழாவில், ஊரார் அனைவரின் பெயராலும் அத்தேவிக்குத் தாலி கட்டும் மணமகனாகப் பறையர் ஒருவரே தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தர்சுடன் 1909 இல் வெளியிட்ட நூலிலும் காணலாம்.

அச்சமூட்டும் உருக்களும் இருந்தன. சதுப்பில் இரவில் எரிந்து மறையும் கொள்ளிவாய்ப் பிசாசு, நீரடியில் அழுகிய இலைதழைகளிலிருந்து எழும் எரிவளி என விளக்குவர். காற்று கருப்பு அண்டும் என்ற அச்சத்தால் பள்ளிக்குப் போகாது நின்ற பிள்ளைகளும், மருத்துவம் பெறாது மாண்ட தாய்மாரும் பலர். ஆகவே பழையவை யாவும் போற்றத்தக்கன என்று நான் சொல்லவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நம் வழிபாடுகளைக் கேலி செய்து ஒதுக்காமல், அவற்றின் அடியில் புதைந்த பௌத்த வரலாற்றைத் தேடினார். அவர் முடிவுகள் அனைத்தையும் ஏற்காதாரும் அத்தேடலின் நேர்மையை மதிப்பர்.

ஆவடியில் 1961 இல் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964 இல் தொழிற்பேட்டையும் தோன்றிய பின், வயல் மனையாயிற்று. நீர்கட்டிக்கு வேலை இல்லாது போயிற்று. ஏழு கற்களுள் சில சாலைக்கு அடியில் போயின. சில குடமுழுக்குப் பெற்றுப் புதுப்பெயர் பூண்டன. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரையின் பெரும்பகுதி மூழ்கியது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, மறந்தவர் மனிதரே. எந்த ஏரிக்கு எத்தனை மதகு, கலங்கல் வழிந்த நீர் எங்கே போயிற்று, கன்னிமார் எந்த மரத்தடியில் நின்றனர் என்பவற்றைச் சொல்லத்தக்க முதியோர் நம் தெருக்களில் இன்னும் சிலர் உளர். ஏடும் எழுதுகோலும் கொண்டு நம் இளைஞர் முதலில் செல்ல வேண்டியது அவர்தம் திண்ணைக்கே.