தண்ணிக் குழாய்க்கு நெருப்பு

எங்க தாத்தா விழுப்புரம் லோகோ ஷெட்டில் மீட்டர் கேஜ் காலத்து ஃபயர்மேன். லீவுக்குத் திண்டிவனம் வீட்டுக்கு வந்தால் கதை சொல்வார். அதில் ஒன்று: "வெள்ளைக்காரன் ஊர்ல எஞ்சினுக்கு மட்டும் இல்லடா, தண்ணிக் குழாய்க்கும் நெருப்பு மூட்டணும்." ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் அவரிடம் சொன்னதாம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கப்சா என்றே நினைத்தேன்.

போன மாதம் பழைய பிரிட்டிஷ் ரயில் நிலையப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தூக்கிவாரிப் போட்டது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் வாட்டர் காலம், அதன் காலடியில் புகைபோக்கியோடு ஒரு இரும்பு அடுப்பு!

விஷயம் எளிது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்புக் குழாய் அதைத் தாங்காது, வெடித்துவிடும். வால்வை மண்ணுக்கடியில் வைத்து, மேலே நிற்கும் நீரை வடித்துவிடுவது ஒரு வழி. அதுவும் போதாத குளிரில் பக்கத்திலேயே கரி அடுப்பு. இங்கிலாந்தின் கார்ஸ்டேல் அருகே, ஓடும் ரயில் தண்ணீர் அள்ளிக்கொள்ள தண்டவாளத்துக்கு நடுவே நீண்ட தொட்டி இருந்தது. அதையே நீராவி விட்டுச் சூடாக்கினார்கள்.

1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே பிரிட்டிஷ் கம்பெனிதான். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் மார்கழிக் குளிரிலும் நம்மூர்க் குழாய் உறையப் போவதில்லை. அந்த அடுப்புக்கு இங்கே வேலையே இல்லை. சாஃப்ட்வேரை வேறு சிஸ்டத்துக்கு மாற்றும்போது தேவையில்லாத கோடை கழற்றி விடுவோமே, அந்த மாதிரி. உறைபனி கொட்டும் ஊட்டியில்கூட காலை வெயில் வந்ததும் புல் மேலே இருக்கும் வெள்ளை கரைந்துவிடும். குழாயை உடைப்பது நாள்கணக்கில் விடாத குளிர்.

நம்ம பக்கம் எதிரி வேற. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாய்லருக்குள் படிந்தால் சூடு ஏறாது, கரி கூடுதலாகத் தின்னும். தாத்தா பாதி நாள் புலம்பியது இதைப் பற்றித்தான். அதை மட்டும் நாங்கள் நம்பினோம்.

1960களில் தாம்பரம்–விழுப்புரம் பாதைக்கு மின்சாரம் வந்தது. பிறகு மீட்டர் கேஜும் போனது. தாத்தாவும் இல்லை. அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு அவர் போட்டோவுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். உங்க வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் இருந்தவரா? அவர் சொல்வதைக் கப்சா என்று தள்ளாமல் இப்பவே எழுதி வையுங்கள்.