செட்டுக்காரர் வீட்டு கிடார்

பனமலைக்குப் போனது ஒரு ஓவியத்தைப் பார்க்க. செஞ்சிக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு சின்னக் குன்று. அதன் தலையில் தாளகிரீஸ்வரர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டியது. வயசு ஆயிரத்து முந்நூறு. உள்ளே ஒரு சுவரில், குடைக்குக் கீழே தலையைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி நிற்கிறாள் பார்வதி. எதிரே சிவன் ஆடுகிறார். அதாவது, ஆடிக்கொண்டிருந்தார். அவர் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். ரசிகை மட்டும் பாக்கி.

ராஜசிம்மனுக்கு நூற்றுக்கணக்கில் பட்டங்கள். அதில் ஒன்று 'வீணாநாரதன்'. காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. மன்னன் நிஜமாகவே வாசிப்பானா, இல்லை அரசவை ஜால்ராவா என்று யோசித்துக்கொண்டே இறங்கி வந்தேன். அடிவாரத்தைத் தாண்டி டீக்கடை. பக்கத்திலேயே ஒரு சவுண்ட் சர்வீஸ். வாசலில் ஒரு பையன் கிடாரோடு உட்கார்ந்திருந்தான். பேப்பர்காரன் என்று தெரிந்ததும் எழுந்து வந்தான்.

"சார், உள்ள ஒரு பொருள் இருக்கு. பாக்குறீங்களா?"

உள்ளே, சீரியல் பல்பு மூட்டைகளுக்குப் பின்னால், துருப்பிடித்த இரும்புப் பெட்டி. மூடியைத் தூக்கினால் வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர்! அவன் மாமாவுடைய தொழில் ஆரம்பித்ததே அந்தப் பெட்டியில்தானாம். கடைசியாக அதற்கு கரண்ட் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"இத வச்சு கிடார் ஆம்ப் செய்யலாமான்னு கேட்டா மாமா திட்டுறாரு சார்."

மாமா வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். "மைக் செட்டுல கிடார் வாசிப்பானாம். ஊரு சிரிக்கும்!"

நானும் சிரித்துவிட்டேன். சென்னை வந்து கொஞ்சம் புரட்டிப் பார்த்தபிறகுதான் உறைத்தது. சிரித்திருக்கக்கூடாது. உலகத்தில் கிடார் ஆம்ப்ளிஃபயர் என்கிற வஸ்துவே ஒரு மைக் செட்டுக்காரர் வீட்டிலிருந்துதான் பெரிய ஆளாகி வெளியே வந்தது.

முதலில் அந்தக் கண்ணாடிக் குழல். 1904-ல் இங்கிலாந்தில் ஃப்ளெமிங் என்பவர் காற்றை உறிஞ்சிய குழலுக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் போகவைத்தார். நம் பம்ப்செட்டில் ஃபுட் வால்வு தண்ணீரைத் திரும்ப விடாதில்லையா, அதே வேலை. அதனால்தான் பெயரும் வால்வு. 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், உள்ளே மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்தார். இது கிட்டத்தட்ட குழாய்த் திருகு மாதிரி. திருகை லேசாக அசைத்தால் போதும், பெரிய ஓட்டம் கூடும், குறையும். சின்ன சத்தம் திருகை அசைக்க, பெரிய சத்தம் வெளியே வருகிறது. ரேடியோ, மைக் செட், பேசும் படம் எல்லாமே இந்தத் திருகின் பிள்ளைகள்.

நம் ஊருக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. அதுவும் எப்படி? வீட்டில் செய்து பார்க்கும் ஆசாமிகள் வழியாக. மெட்ராஸில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி, இங்கிலாந்தில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்தவர், நண்பர்களோடு சேர்ந்து 1924-ல் ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார். நாற்பது வாட் டிரான்ஸ்மிட்டர். நாற்பது வாட்! இன்றைக்கு ஒரு ட்யூப் லைட். அதை வைத்துக்கொண்டு அந்த ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பே நடத்திவிட்டார்கள். மூன்றே வருஷத்தில் காசு தீர்ந்துபோய், 1927-ல் கிளப்பை மூடினார்கள். டிரான்ஸ்மிட்டர் மெட்ராஸ் கார்ப்பரேஷன் கைக்குப் போனது. 1930-லிருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ இல்லாத ஜனம் என்ன செய்யும்? கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். காசு கொடுக்காமல் மணலில் உட்கார்ந்து சங்கீதம் கேட்டார்கள் மெட்ராஸ்வாசிகள். அகில இந்திய வானொலி இங்கே நிலையம் திறந்தது 1938-ல்.

கிராமத்துக்கு இது வேறு ரூபத்தில் வந்தது. மைக் செட்! கரண்ட் வராத ஊருக்கும் கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு செட்டுக்காரர் வந்தார். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடி மாசக் கூழ், எல்லாவற்றுக்கும் மரத்தில் குழாய் கட்டினால்தான் விசேஷம். பெட்டிக்குள்ளே இருந்தது அதே வால்வுகள். டெல்லியில் 1940-ல் தொடங்கிய அகுஜா, பம்பாயின் சிகாகோ ரேடியோ இரண்டும் செட்டுக்காரர்களின் குலதெய்வங்கள். பெயரில்தான் சிகாகோ, ஆள் மோத்வானி, அக்மார்க் சிந்திக்காரர். அறுபதுகளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பிலிப்ஸோடு கைகோத்து வால்வுகளை இங்கேயே செய்தது. அரசாங்கக் கம்பெனியின் அந்தப் பழைய சரக்கை வெளிநாட்டில் இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

இப்போது அமெரிக்கா. காரணம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர். பிறந்தது 1909. என்ன படித்தார்? அக்கவுண்டன்ஸி! (பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.) கணக்கு எழுதி சம்பாதித்தவருக்கு ரேடியோ ரிப்பேர் பைத்தியம். முப்பதுகளின் தொடக்கத்தில் டான்ஸ் பார்ட்டிகளுக்கு வாசிக்கும் ஒரு குழுத் தலைவர் வந்து, மைக் செட் செய்து தருவாயா என்றார். ஆறு செட் செய்துகொடுத்தார். பொருளாதார மந்தத்தில் கணக்குப்பிள்ளை வேலை போயிற்று. 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் சொந்தமாக ரேடியோ ரிப்பேர் கடை. கிடாருக்கு மின்சாரம் வந்து அப்போது ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. வாசிப்பவர்கள் ரிப்பேருக்கு அவரிடம்தான் வருவார்கள். 'மைக் செட்டில் மைக்குக்குப் பதிலாக கிடாரைச் சொருகினால் என்ன?' அவ்வளவுதான் விஷயம். 1945-லிருந்து கிடார் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்க ஆரம்பித்தார். அப்புறம் நடந்தது சரித்திரம்.

அந்த சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கிளைக்கதை லண்டனில் நடந்தது. ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்று ஒரு டிரம்ஸ் வாத்தியார். இசைக்கருவிக் கடையும் வைத்திருந்தார். பையன்கள் எல்லாம் ஃபெண்டரின் 'பாஸ்மேன்' மாடல் வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க இறக்குமதி, யானை விலை. 1962-ல் அவர் கடையின் ரிப்பேர்காரர் கென் பிரான், இ.எம்.ஐ.யில் பயிற்சியில் இருந்த டட்லி கிராவன் என்ற பதினெட்டு வயசுப் பொடியன், இருவரும் பாஸ்மேனைப் பிரித்துப் பார்த்துக் காப்பியடித்தார்கள். கூச்சமே இல்லாத காப்பி. ஆனால் பாகங்களில் பல உள்ளூரில் கிடைத்தவை. டிரான்ஸ்ஃபார்மரும் உள்ளூர்க் கடைச் சரக்கு. முதல் வால்வாகப் போட்ட இசிசி83, ஃபெண்டர் போட்டிருந்ததைவிட வேகமாகச் சத்தத்தைப் பெருக்கும். விளைவு? வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே ஒலி உடைந்து, கரகரத்து, உறுமியது. ஆறாவது தடவை செய்ததில்தான் மார்ஷல் தலையாட்டினார். பின்னாளில் ராக் இசைக் கச்சேரிகளில் வாசிப்பவருக்குப் பின்னால் சுவராக அடுக்கி நின்ற கறுப்புப் பெட்டிகளுக்கு மூலம் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். வால்யூம் ஏறினால் குழாய் கரகரக்கும். செட்டுக்காரர் தன் ஆயுள் முழுக்க அந்தக் கரகரப்பை ஒழிக்கத்தான் பாடுபட்டார். "என்னய்யா செட்டு போட்டிருக்க, தலைவர் பேசறது ஒண்ணும் புரியல" என்று திட்டு வாங்கினார். கிடார்காரர்கள் அதே கரகரப்புக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். டிரான்ஸிஸ்டர் சத்தத்தை ஒரு எல்லைக்கு மேல் கத்தரியால் வெட்டின மாதிரி வெட்டும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். காதுக்கு அந்த மழுங்கல் இதம். உலகத்தில் எல்லோரும் வால்வைக் கைகழுவியபிறகும் கிடார்காரர்கள் விடாததால்தான் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வு தயாராகிறது.

மாமாவின் பெட்டியில் கடைசியில் நின்றது இரண்டு இஎல்34. பிலிப்ஸ் கொண்டுவந்த வால்வு. அறுபதுகளின் நடுவில் மார்ஷலும் அதற்குத்தான் மாறினார். ஆக, பனமலையில் துருப்பிடித்துக் கிடப்பது மார்ஷலின் பங்காளி!

மறுபடி போனேன். இந்த முறை ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் பாடம் கேட்டுக்கொண்டு. எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். ஆனோடு, கேதோடு தெரியாது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "பையன் உசுரோட இருக்கணும் சார்."

மிகை இல்லை. 1972 மே 3-ம் தேதி, வேல்ஸில் ஸ்வான்ஸீ நகரம். லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், வயசு இருபத்தேழு, கச்சேரி மேடையில் கிடாரோடு நின்றபடி மைக்கைத் தொட்டார். மைக்குக்குச் சரியான எர்த் இல்லை. அங்கேயே விழுந்து இறந்தார். கிடாரின் கம்பி ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்தது. பெட்டியில் கரண்ட் கசிந்தால் கம்பியில் கசியும். விரல் கம்பியில்தானே இருக்கும்?

அதனால் முதல் வேலை, பழைய ரெண்டு பின் ஒயரைக் கழற்றி எறிவது. மூன்று பின், பெட்டியோடு திருகி இறுக்கிய எர்த், ஃபியூஸ். வீட்டின் பிளக்கிலேயே எர்த் நிஜமாக இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். பழைய ஏ.சி./டி.சி. ரேடியோ கிடைத்தால் அதை கிடாருக்கு மாற்றும் ஆசையே கூடாது. அதில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. லைன் கரண்ட் நேராகப் பெட்டிக்கே வந்துவிடும்.

அடுத்தது உள்ளே இருக்கிற எமன். இஎல்34 போட்ட பெட்டியில் நானூறு வோல்ட் சர்வசாதாரணம். ஸ்விட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்து கை வைத்தாலும் ஃபில்டர் கண்டன்சரில் அது காத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று வெடிக்கவைப்பது வீரமல்ல. ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்த்தபிறகுதான் விரல். சோதிக்கும்போது ஒரு கை பின்னால் இருக்கட்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் நன்றாக இருந்தால் பொக்கிஷம். செலவில் பெரும்பகுதி அதில்தான். பெட்டி, வால்வு சாக்கெட், வால்வு எல்லாம் தேறும். கண்டன்சர் மட்டும் ஒன்றுகூடத் தேறாது. ஃபில்டர் கண்டன்சர் உலர்ந்திருக்கும். பேப்பர் கண்டன்சர் கசியும். கசிந்தால் பவர் வால்வின் திருகு திறந்தபடியே நின்றுவிடும். உள்தகடு செக்கச்செவேல் என்று பழுத்து வால்வு போகும், பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

கிடாரை மைக் துவாரத்தில் சொருக வேண்டும். கிராமஃபோன் துவாரத்தில் சொருகினால் சத்தம் கொசு மாதிரி கேட்கும். ஸ்பீக்கர்? குழாய் உதவாது. அது பேச்சுக்குப் பிறந்தது, கிடாரின் அடித்தொனியைத் தின்றுவிடும். பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், மரப்பெட்டியில். எட்டு ஓம் ஸ்பீக்கர் என்றால் டிரான்ஸ்ஃபார்மரிலும் எட்டு ஓம் முனை. ஸ்பீக்கர் மாட்டாமல் ஸ்விட்ச் போடவே கூடாது. போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் செத்துவிடும்.

இவ்வளவையும் ஒப்பித்துவிட்டு, "முதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு பழகுப்பா" என்றேன். ஃபெண்டரே 'சேம்ப்' என்று ஒரு குட்டி செய்தார். மூன்று வால்வு, ஐந்து வாட்டுக்குப் பக்கம். வீட்டுக்கு அதுவே தாராளம். பையன் கேட்கவில்லை. அவனுக்கு மாமாவின் பெட்டிதான் வேண்டும்.

மூன்று மாசம் கழித்துக் கூப்பிட்டான். போனேன். முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது லைனில் ஒரு குண்டு பல்பை சீரியஸாகச் சேர்க்கச் சொல்லியிருந்தேன் (சீரிஸில் என்று திருத்திக்கொள்ளுங்கள்). உள்ளே எங்காவது ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. அணைத்து, பல்பை எடுத்துவிட்டு நேர் கரண்ட் கொடுத்தான். ஸ்பீக்கரில் லேசாக 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

மூன்று மாசமாக, வேண்டாத வேலை என்று திட்டிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார். தலையைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டார். "எர்த்த வேற இடத்துல மாத்திக் குடுறா, போயிடும்" என்றார். பையன் மாற்றினான். போய்விட்டது.

பையன் கம்பியைத் தொடுவதற்குள் மாமா முந்திக்கொண்டார். குனிந்து, கிடாரின் பிக்கப்பை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டினார். 'டொக், டொக்' என்று கடை அதிர்ந்தது.

"ஹலோ... மைக் டெஸ்டிங்..." என்றார் கிடாரைப் பார்த்து.