நிற்கும் விமானத்துக்கு மூச்சு

மின்விசிறி வருவதற்கு முற்பட்ட காலத்தில், உத்தரத்திலிருந்து தொங்கும் பங்காவை வெளியே குந்தியிருந்த ஆள் கயிற்றால் இழுத்துக்கொண்டே இருக்க, அதன் கீழே துரைமார் உணவருந்திய காட்சி நம் தேசத்தில் எங்கும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளின் உயர்ந்த விதானங்களும் நெடிய சாளரங்களும் அதே உஷ்ணத்துக்கு அஞ்சிச் செய்துகொண்ட ஏற்பாடுகளே. அந்த உஷ்ணத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி, அவ்வூரின் 18ஆம் நூற்றாண்டு ஆளுநரான லா தெ லொறிஸ்தோனின் பெயரைச் சுமந்து நிற்கும் லாஸ்பேட்டையில், விமானத் திடலில் வெயிலில் நிற்கும் உலோகக் கூண்டுக்குள் அமர்ந்த பிரயாணிகளுக்குப் பங்கா இழுப்பவர் யார் என்று வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது.

பறக்கும்போது பிரதான எஞ்சின்களே மின்சாரமும் காற்றும் தந்துவிடுகின்றன, சங்கடமெல்லாம் தரையில்தான். 1917இல் இங்கிலாந்தில் பறந்த சூப்பர்மரீன் நைட்ஹாக் என்னும் போர் விமானம், தன் தேடுவிளக்குக்கு மின்சாரம் உண்டாக்க ஒரு சிறு எஞ்சினைத் தனியே சுமந்து சென்றது. ஆயினும், காற்றையே சரக்காக்கி விநியோகிக்கும் துணைப்பொறிக்கு அவசியம் ஜெட் யுகத்தில்தான் பிறந்தது. பெரிய ஜெட் எஞ்சின் சும்மா தீப்பற்றிக்கொள்ளாது. எரிபொருள் விடுமுன் அதனை வேகமாகச் சுழற்றியாக வேண்டும், அச்சுழற்சிக்கு அழுத்தக் காற்று வேண்டும், அக்காற்றைத் தரும் வண்டியோ பெரிய நகரங்களின் நிலையங்களில்தான் இருந்தது. சாதனங்கள் குறைந்த சிற்றூர்களுக்கும் போய்வர வேண்டும் என்று எண்ணிச் செய்யப்பட்டு 1963இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 727, அந்த வண்டியின் வேலையை ஒரு சிறு டர்பைனிடம் ஒப்படைத்துத் தன்னுடனேயே எடுத்துச் சென்றது. ஏ.பி.யூ. (ஆக்ஸிலியரி பவர் யூனிட்) என்று விமானத் தொழிலாளர் சுருக்கிச் சொல்வது இத்துணைப்பொறியைத்தான்.

பிற்கால விமானங்களில் பெரும்பாலும் வால் நுனியில் ஒளிந்திருக்கும் இப்பொறி, வெளிக்காற்றை உறிஞ்சி மூன்று நான்கு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவார். அவ்விதமே இக்காற்றும் கொதிநீரை மிஞ்சிய உஷ்ணத்தோடு புறப்பட்டு, வால்வு திறந்ததும் குழாய் வழியே விமானத்தின் வயிற்றை நோக்கி ஓடுகிறது. ஒரு கிளை எஞ்சினைச் சுழற்றப் போகிறது. மற்றொரு கிளை குளிர்சாதனத்தை அடைந்து, வெளிக்காற்றிடம் உஷ்ணத்தை இழந்து, மீண்டும் நெருக்கப்பட்டு, மறுபடி ஆறி, இறுதியில் ஒரு சிறு டர்பைனைச் சுழற்றிக்கொண்டு விரியும்போது தன் சக்தியைச் செலவிட்டுக் குளிர்ந்துபோகிறது. சுடுகாற்றிலிருந்தே குளிர்காற்றைக் கறக்கும் இந்த வித்தை எனக்கு இன்னும் அதிசயமாகவே இருக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அதன் காற்று துணைப்பொறிக்குள் திரும்பிப் பாயாதபடி ஒருவழி வால்வொன்று காவல் நிற்கிறது.

லாஸ்பேட்டையின் ஓடுபாதை சுமார் 1500 மீட்டர் நீளமே உள்ளதாதலால், பெரிய ஜெட் விமானங்கள் இங்கு எட்டிப் பார்ப்பதில்லை. 2013இலும், மீண்டும் 2017இலும் ஸ்பைஸ்ஜெட் கொண்டுவந்தது, வாலில் துணைப்பொறிக்கு இடம் வைத்துக் கட்டப்பட்ட கனடா தேசத்து க்யூ400. 2024 டிசம்பரில் இண்டிகோ கொண்டுவந்ததோ, பிரான்சின் துலூஸ் நகரில் உருவாகும் ஏ.டி.ஆர். 72. இந்தப் பிரெஞ்சு உறவினருக்குத் துணைப்பொறியே கிடையாது. அந்தப் பாரத்தை எதற்குச் சுமப்பது என்று கணக்கிட்ட சிற்பிகள், வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லரை மட்டும் பிரேக்கிட்டு நிறுத்தினார்கள். புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனும் காற்றை நெருக்கும் பகுதியும் தனித்தனித் தண்டுகளில் சுழல்வதால், முன்னது அசையாதிருக்கப் பின்னது ஓடி மின்சாரமும் காற்றும் அளிக்கிறது. இதற்கு ‘ஹோட்டல் மோட்’ என்று பெயர். நம்மூரில் ஓட்டல் என்றால் இட்லியும் காபியும் நினைவுக்கு வரும். பிரெஞ்சிலோ அது நகரசபை மாளிகைக்கும் ஆகிவந்த சொல், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலுள்ள ‘மேரி’ என்னும் நகரசபைக் கட்டடமும் ‘ஹோத்தேல் தெ வீல்’ தான்.

பிரயாணிகள் இடப்புறத்துப் பின்வாயிலில் ஏறுகையில் வலப்புற எஞ்சின் மறுபக்கத்தில் இரைந்துகொண்டிருக்கலாம். ஆனால் காற்று பின்னாலிருந்து பலமாக வீசினால், எஞ்சின் கக்கும் சூடான புகை முன்னோக்கி அடித்து அதன் வாய்க்குள்ளேயே புகக்கூடுமாகையால், இம்முறையைக் கையாளும் விமானி காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டே விமானத்தை நிறுத்துகிறார், கடற்காற்று வரும் பக்கம் பார்த்துச் சாளரம் வைத்த பழைய கொத்தனாரைப் போல.