கோவை வட்டாரத்தில் விடுமுறைப் பயணம்: திட்டமிடும் முறை

கோவை வட்டார விடுமுறைப் பயணம் என்பது கோயம்புத்தூர் நகரத்தில் தங்கி, கொங்கு நாட்டுச் சமவெளியையும் அதை ஒட்டிய மலைகளையும் சில நாள்களில் பார்த்து வருவது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் இதன் நடுப்பகுதி. வடமேற்கில் நீலகிரியும் தெற்கில் ஆனைமலையும் மேற்கில் பாலக்காடும் இதன் ஓரங்கள். வெளியூர்க்காரர்கள் பலருக்குக் கோவை என்பது ஊட்டிக்குப் போகும் வழியில் ரயிலை விட்டு இறங்கும் ஊர். காலையில் இறங்கி, சிற்றுண்டி முடித்து, மலை ஏறிவிடுவார்கள். இந்த வழக்கம் மலைக்கும் நல்லதல்ல, பயணிக்கும் நல்லதல்ல. நிலத்தின் அமைப்பையும் பருவத்தையும் சாலை நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே சமவெளிதான் பயணத்தின் முதல் பாதியாக இருக்க வேண்டும். மலை ஒன்று போதும், அங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்ற முடிவுக்கே வர நேர்கிறது.

கணவாய் வகுத்த வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தத் திறப்பின் கிழக்கு வாயிலில் கோவை அமைந்திருக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது. சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து கரூருக்கும் அதற்கு அப்பாலும் போன பழைய வணிக வழியும் ஏறத்தாழ இதே போக்குதான். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று சோழர் காலத்தவர் தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். சேரமான் பெருமாள் தந்த பரிசுப் பொருள்களோடு திரும்பிய சுந்தரர் திருமுருகன்பூண்டியில் வழிப்பறிக்கு ஆளானதாகச் சொல்லும் தலபுராணமும் இந்த வழியில்தான் நிகழ்கிறது.

இந்தச் சான்றுகள் திட்டமிடலுக்கு நேரடியாக உதவுகின்றன. தஞ்சாவூருக்குப் போகிறவருக்கு ஒரு பெரிய கோயில், மதுரைக்குப் போகிறவருக்கு ஒரு கோயிலும் ஒரு மகாலும் என்று பார்க்க வேண்டியவை ஓரிடத்தில் திரண்டிருக்கும். கொங்கு நாடு வழிகளால் வளர்ந்த நாடு. ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை வழி நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுகிறவர் பாதி நேரத்தைச் சாலையில் விடுவார். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்கிறவருக்கு அந்த இழப்பு இல்லை.

எந்த மாதம்

பருவத்தைத் தீர்மானிப்பதும் கணவாய்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தத் திறப்பின் வழியே பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கக் காற்றாலைகள் சுழல்வதும், ஜூலையில்கூடக் கோவை மாலை நேரம் குளிர்ந்திருப்பதும் அதனால்தான். அதே மாதங்களில் ஆனைமலையிலுள்ள வால்பாறையில் விடாத மழை. அங்குள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்று. மலையின் மறைவில் இருக்கும் கோவைக்கோ ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். அதிலும் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மாதங்களில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து நீலகிரி மலை ரயில் நிறுத்தப்படுவது அடிக்கடி நடக்கிறது. எனவே மலையும் சமவெளியும் சேர்ந்த பயணத்துக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலமே ஏற்றது. பள்ளி விடுமுறையை நம்பி மே மாதம் வருகிறவர்கள் சமவெளிக் கோயில்களைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆடியில் வருகிறவர்கள் மலையை விட்டுவிட்டு, அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குப் போகலாம். குதிரையும் மாடும் ஒருசேர விலைபோகும் அப்படியொரு சந்தை தமிழகத்தில் அரிது.

நகரத்துக்கு ஒரு நாள்

நகரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். ஆறேழு கிலோமீட்டர் மேற்கே நொய்யல் கரையில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் அமைந்த கனகசபை, கொங்கு நாட்டுச் சிற்பக் கலைக்கு உச்சம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட தூண் சிற்பங்களில் யானையை உரித்துத் தோலை விரித்து நிற்கும் சிவன் உருவத்தின் அருகே போய்ப் பார்த்தால், விரித்த தோலுக்கடியில் யானையின் கால் நகங்கள்கூடத் தெளிவாகத் தெரியும். கோயிலை அவசரமாகச் சுற்றுகிறவர் கண்ணில் அது படாது.

மற்றபடி கோவையில் பார்க்கத் தக்கவை பெரும்பாலும் தொழிலும் அறிவும் சார்ந்தவை. 1888இல் தொடங்கிய நூற்பாலையும், 1930களின் தொடக்கத்தில் வந்த பைக்காரா மின்சாரமும் இந்த ஊரை ஆலை நகரமாக்கின. 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தில் மரவகைகளும் பாடம்செய்யப்பட்ட விலங்குகளும் வரிசையாக இருக்கின்றன. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் நாட்டுக் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய 'கோ' வரிசைக் கரும்புகள் இந்தியச் சர்க்கரைத் தொழிலின் போக்கையே மாற்றின. வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா, ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம், பழைய கார்களைக் காட்டும் அருங்காட்சியகம் ஆகியவையும் உண்டு. 

கிழக்கே காவிரி வரை

இரண்டாம் நாளைக் கிழக்குக்குக் கொடுக்கலாம். திருப்பூர், ஈரோடு வரை ரயில் வசதி தாராளம்; கோவை காந்திபுரத்திலிருந்து பேருந்துகளும் ஓயாமல் கிளம்புகின்றன. கொங்கேழு சிவத்தலங்களில் அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, கொடுமுடி ஆகிய நான்கும் இந்தப் பக்கம் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டைப் பார்த்தால் போதும். அவிநாசியின் தேர் தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று. ஈரோட்டில் மஞ்சள் ஏலமும் ஜவுளிச் சந்தையும் நடக்கின்றன. ஜவுளி வாங்க நினைப்பவர் திங்கள் இரவும் செவ்வாய்க்கிழமையும் கூடும் வாரச்சந்தையை வைத்து நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

பவானிக் கூடுதுறையில் பவானி ஆறு காவிரியோடு கலக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், அந்த ஊர் ஜமக்காளம் நெய்யும் தறியையும் பார்க்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற இந்த ஜமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுகிறது. அகலமான விரிப்பாக இருந்தால் இரண்டு நெசவாளர்கள் பக்கம் பக்கமாக அமர்ந்து, ஒருவர் பாதி தூரம் தள்ளிய நாடாவை மற்றவர் வாங்கி மீதித் தூரம் கொண்டுபோவார். அந்த இருவரின் ஒத்திசைவு பிசகினால் பட்டை கோணும். கல்யாண வீட்டில் விரித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கும் இந்த வேலை பெரும்பாலும் தெரியாது.

சாப்பாடும் இந்தத் திசையைச் சார்ந்ததே. அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பும் அதன் ரசமும், தேங்காய்ப்பாலோடு சந்தகை, ஒப்பிட்டு ஆகியவை கொங்கு வீட்டுச் சமையல். காவிரிக்கு அக்கரையிலுள்ள பள்ளிபாளையத்தின் பெயரில் வழங்கும் கோழி வறுவலில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பத்தையுமே பிரதானம். மசாலாப் பொடிக்கு அதில் வேலையில்லை.

மலையில் எது

மலைக்கு இரண்டு தேர்வுகள். முதலாவது நீலகிரி. ஊட்டி எனும் உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் கோவை மாவட்ட ஆட்சியர். அவர் முதலில் வீடு கட்டியது கோத்தகிரிப் பக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் போகும் மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லாறைத் தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவு தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, அதன் பற்சக்கரம் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. முன்னால் எஞ்சின் இல்லாததால் பெட்டிகளின் முகப்பில் பிரேக் பணியாளர்கள் கொடியோடு நிற்பார்கள். உதகை வரை ஐந்து மணி நேரம் ஆகும். பேருந்து அதைவிடச் சீக்கிரம் போய்விடுமே என்று கணக்குப் பார்ப்பவருக்கு இந்த ரயில் சரிப்படாது. இங்கே ரயில் பயணமே பார்க்க வேண்டிய காட்சி என்பதால் அந்த ஐந்து மணி நேரத்தைச் செலவாகக் கருத வேண்டியதில்லை.

இரண்டாவது ஆனைமலை. கோவை உக்கடத்தில் பேருந்து ஏறி 40 கிலோமீட்டரில் பொள்ளாச்சி. அங்கிருந்து ஆழியாறு அணை தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. 2007இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகம் இந்த மலையின் பெரும்பகுதி. வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய சோலைகளில் சிங்கவால் குரங்கும், மலைச்சாலையோரப் பாறைகளில் வரையாடும் தென்படும். காப்பகத்துக்குள் இருக்கும் டாப்சிலிப்பில், காட்டை அழிய விடாமல் தேக்கை மீட்ட வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அவர் வளர்த்த மரங்களுக்கிடையிலேயே இருக்கிறது. கடைத்தெருவும் படகுச் சவாரியும் தேடுவோர் நீலகிரிக்கும், காடு பார்க்க வேண்டுவோர் ஆனைமலைக்கும் போவது பொருத்தம்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு மலையை மட்டும் பார்ப்பதா என்பது முதல் மறுப்பு. வரைபடத்தில் இரண்டும் அருகருகே தெரிவதுதான் இதற்குக் காரணம். உதகையிலிருந்து வால்பாறை போக வேண்டுமானால் சமவெளிக்கு இறங்கி, கோவையையும் பொள்ளாச்சியையும் கடந்து, மறுபடியும் ஏற வேண்டும். ஒரு பகல் முழுதும் வண்டியிலேயே போய்விடும்; குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் வளைவுகளில் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். மலைப் பாதையில் கிலோமீட்டரைக் கணக்கில் எடுப்பது வீண்; மணிக்கணக்கே சரி.

ஊட்டிக்காகத்தானே மக்கள் வருகிறார்கள், சமவெளியில் யார் தங்குவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. மக்கள் விருப்பம் உண்மைதான். அந்த விருப்பத்தின் விளைவும் உண்மை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் எனும் இணைய அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 என வாகனங்களுக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. காலையில் ஏறி இரவில் இறங்கும் வண்டிகளால் மலைச்சாலை நெரிகிறது. அவற்றில் வரும் பயணிக்கோ வரிசையில் நின்ற நினைவே மிஞ்சுகிறது. அதே ஆள் சமவெளியில் இரண்டு நாளும் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இரண்டு இரவும் தங்கினால், மலையை உண்மையில் பார்த்தவர் ஆவார்.

ஆலையும் பட்டறையுமான ஊரில் விடுமுறையா என்பது மூன்றாவது மறுப்பு. பிரான்சின் லியோன் நகரம் இதற்குத் தக்க விடை. பட்டு நெசவால் வளர்ந்த அந்த ஊரும் ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. குருவா ரூஸ் குன்றில் நெசவாளர் குடியிருந்த உயரமான வீடுகளும், கட்டடங்களின் ஊடே செல்லும் நடைவழிகளும் இன்று பயணிகள் தேடிப் போகும் இடங்கள்; பழைய நகரப் பகுதி 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தன் தொழில் வரலாற்றைப் பார்வைக்கு வைக்கும் ஏற்பாட்டை லியோன் செய்தது; கோவை இன்னும் போதிய அளவு செய்யவில்லை. அது கோவையின் குறை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாயக்கழிவால் கெட்ட நொய்யலின் கீழ்ப்பகுதியை ஆற்றங்கரை உல்லாசத்துக்கு உரிய இடம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கத் தக்கது இல்லை என்பதும் அதைக் காட்டும் ஏற்பாடு குறைவு என்பதும் ஒன்றல்ல.

சொந்த வண்டி இல்லாமல் முடியாது என்பது கடைசி மறுப்பு. இதில் பாதி உண்மை. பாரிஸ் வட்டாரத்தில் ஒரே பயண அட்டையில் ரயில், பேருந்து, டிராம் எல்லாம் ஏறலாம். கோவையில் அப்படி ஒன்று கிடையாது. பேருந்து நிலையமே திசைக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது: கிழக்குக்குக் காந்திபுரம், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் உக்கடம், உதகைக்கு மேட்டுப்பாளையம் சாலை. நகரமும் கிழக்கும் மலை ரயிலும் பொதுப் போக்குவரத்தில் எளிதாக முடியும். டாப்சிலிப்புக்கும் வால்பாறையின் உட்பகுதிக்கும் மட்டும் வாடகைக் கார் வைத்துக்கொள்வது நல்லது.

நாள் கணக்கு

மூன்று நாள் மட்டும் இருந்தால் நகரம் ஒன்று, கிழக்கு ஒன்று, பொள்ளாச்சியும் ஆழியாறும் ஒன்று. மலையில் தங்க வேண்டாம். ஐந்து நாள் என்றால் ஒரு மலையைச் சேர்த்து அங்கே இரண்டு இரவு. இரண்டு மலையும் வேண்டும் என்பவர் ஏழு நாளுக்குக் குறைந்து புறப்படக் கூடாது. முடிவுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. மாதத்தை முதலில் தீர்மானியுங்கள். அந்த மாதத்துக்கு ஒத்துவரும் மலையைப் பிறகு தேர்ந்தெடுங்கள். நீலகிரி என்றால் மலை ரயிலில் இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்; வண்டியில் போவதானால் இ-பாஸை எடுத்துவிடுங்கள். விடுதி அறையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.