வேகப்பந்து வீச்சாளர் ஆக உயரம் முக்கியமா? 180 செ.மீ. மார்ஷலும் 203 செ.மீ. கார்னரும் சொல்லும் பதில்

திரிங்காப்பில் கிரிக்கெட் விளையாட முதலில் கொஞ்சம் சமதரை கிடைக்க வேண்டும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். நடுவில் கிடைக்கும் இடத்தில் டென்னிஸ் பந்தோடு ஓடி வந்து வேகமாகப் போட ஆசைப்படும் பதின்ம வயதினருக்கு, கேமரன் மலையில் மட்டுமல்ல, எல்லா ஊர்களிலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: "நீ உயரம் பத்தாதுப்பா. ஸ்பின் போடு."

இந்த அறிவுரை சரியா? உயரம் வேகப்பந்து வீச்சாளருக்கு என்ன கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை? பார்ப்போம்.

உயரமாக இருந்தால் என்ன லாபம்?

முதல் லாபம், பவுன்ஸ். உயரமானவரின் கையிலிருந்து பந்து மேலிருந்து கீழாகச் செங்குத்தான கோணத்தில் வருகிறது. செங்குத்தாகத் தரையில் குத்தும் பந்து அதிகமாக எழும்பும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 2 மீட்டர் உயரத்தில் பந்தை விடுகிறார், இன்னொருவர் 2.3 மீட்டர் உயரத்தில் விடுகிறார். இருவரின் பந்தும் 12 மீட்டர் தள்ளித் தரையில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை விட்டுவிட்டு நேர்கோடாகப் பார்த்தால், கோணத்தில் வித்தியாசம் சுமார் ஒன்றரை டிகிரிதான். கேட்க சின்ன விஷயம். ஆனால் பந்து பேட்ஸ்மேனை அடையும்போது அது சில அங்குல வித்தியாசமாக மாறிவிடும். பேட்டின் நடுவில் பட வேண்டிய பந்து மேல் பகுதியில் படும், அல்லது கிளவுஸில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும்.

இரண்டாவது லாபம், நல்ல லென்த்தில் போட்ட பந்தே தொல்லை தரும். மற்றவர்கள் ஷார்ட்டாகப் போட்டு எழுப்ப வேண்டிய உயரத்துக்கு, நெட்டையானவர் ஃபுல்லாகப் போட்டே எழுப்பிவிடுவார். முன்னே வருவதா, பின்னே போவதா என்று பேட்ஸ்மேன் குழம்பிவிடுவார். 195 செ.மீ. உயரமுள்ள கிளென் மெக்ராத், மின்னல் வேகம் இல்லாமலேயே 563 டெஸ்ட் விக்கெட் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்ட அவரது துல்லியம்.

அப்படியென்றால் உயரம்தான் எல்லாமா?

மேற்கிந்தியத் தீவுகளின் மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட்டுக்கு அவர்கள் கொடுத்த சராசரி ரன் இது:

• மால்கம் மார்ஷல்: சுமார் 180 செ.மீ. (5 அடி 11 அங்குலம்), 376 விக்கெட், சராசரி 20.94
• ஜோயல் கார்னர்: சுமார் 203 செ.மீ. (6 அடி 8 அங்குலம்), 259 விக்கெட், சராசரி 20.97
• கர்ட்லி அம்ப்ரோஸ்: சுமார் 201 செ.மீ. (6 அடி 7 அங்குலம்), 405 விக்கெட், சராசரி 20.99

மார்ஷலுக்கும் கார்னருக்கும் உயரத்தில் ஒரு சாண் வித்தியாசம். சராசரியில் மூவருக்கும் இடையே 0.05 ரன்கூடத் தாண்டவில்லை. அந்த வரிசையில் குறைவான உயரம் கொண்டவருக்குத்தான் மிகச் சிறந்த சராசரி!

மூன்று பேரை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. டெஸ்ட் அணிகளின் வேகப்பந்து வீச்சாளர்களை வரிசையாக நிறுத்தினால், பெரும்பாலோர் சராசரி மனிதரைவிட உயரமானவர்களாகத்தான் இருப்பார்கள். எனவே உயரம் ஓர் அனுகூலம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நுழைவுச் சீட்டு இல்லை. 439 டெஸ்ட் விக்கெட் எடுத்த தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்ன் 180 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 2024 டிசம்பரில் மெல்பர்னில் 200ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது சராசரியை 20க்குக் கீழே வைத்திருந்த ஜஸ்பிரித் பும்ராவும் ஏறக்குறைய அதே உயரம்தான். 200 விக்கெட் எடுத்தவர்களில் அந்தச் சராசரியை அதுவரை யாரும் தொட்டதில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது?

"கை நீளமா இருந்தா பந்து வேகமா போகும்" என்பது பாதி உண்மை. நீளமான கை சுழலும்போது அதன் நுனி வேகமாக நகரும், சரி. ஆனால் நீளமான, கனமான கையை அதே வேகத்தில் சுழற்ற அதிக பலம் வேண்டும். ஒரு பக்கம் கிடைப்பதை இன்னொரு பக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயர்மட்டத்தில் ஆடும் 20 வேகப்பந்து வீச்சாளர்களின் உடல் அசைவுகளை அளந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பந்தின் வேகத்தில் ஆளுக்கு ஆள் தெரிந்த வித்தியாசத்தில் 74 விழுக்காட்டை நான்கு நுட்பங்களே விளக்கின:

• ஓடி வரும் வேகம்
• முன்காலை ஊன்றும்போது முழங்கால் மடங்காமல் நிற்பது
• பந்தை விடும் வரை மேலுடல் முன்னோக்கி நன்றாக வளைவது
• கையைச் சுழற்றத் தொடங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்துவது

வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கல்லில் மோதினால், ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார் அல்லவா? முன்காலும் அந்தக் கல்லைப் போலத்தான். அது உறுதியாக நின்றால், ஓடி வந்த வேகம் உடல் வழியாகக் கைக்கும், அங்கிருந்து பந்துக்கும் போகிறது. இந்த நான்குமே பயிற்சியில் மேம்படுத்தக்கூடியவை.

பெண்கள் கிரிக்கெட்டிலும் இதைப் பார்க்கலாம். பெண்கள் ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட்டோடு முதலிடம் பிடித்த இந்தியாவின் ஜுலன் கோஸ்வாமி நல்ல உயரம். ஆனால் 2024 மார்ச்சில் டெல்லியில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஆட்டத்தில் மணிக்கு 132.1 கி.மீ. வேகத்தில் பந்தைப் போட்ட தென்னாப்பிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில், சுமார் 165 செ.மீ.தான்.

குள்ளமாக இருப்பதில் லாபம் உண்டா?

உண்டு. தாழ்வான கோணத்தில் வரும் பந்து தரையில் பட்டதும் சறுக்கிக்கொண்டு வரும். மார்ஷலின் பவுன்சரைக் கண்டு பேட்ஸ்மேன்கள் பயந்ததற்கு இதுவே காரணம். நெட்டையானவரின் பவுன்சர் பல சமயம் தலைக்கு மேலே போய்விடும், குனிந்துகொள்ளலாம். மார்ஷலுடையது நேராகத் தொண்டையைத் தேடி வரும்.

இன்னொரு உதாரணம் இலங்கையின் லசித் மலிங்கா. சுமார் 170 செ.மீ. காலி அருகே ரத்கமவில் டென்னிஸ் பந்தில் விளையாடி வளர்ந்தவர். கையைப் பக்கவாட்டில் வீசிப் போடுவதால், பந்து விடும் உயரம் இன்னும் குறைகிறது. அதையே ஆயுதமாக்கினார். 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகவும், 2019இல் பல்லேகெலேயில் நியூசிலாந்துக்கு எதிராகவும் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜனும் டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கரால்தான் அறியப்பட்டார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். யார்க்கருக்கு பவுன்ஸ் தேவையில்லை, குறி தப்பாமல் இருந்தால் போதும்.

மலேசியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2023 ஜூலை 26ஆம் தேதி கிள்ளான் பாயுமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக சியாஸ்ருல் இட்ருஸ் 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் சர்வதேச டி20இல் 7 விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர்தான். எதிரணி அனுபவம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஏழும் போல்ட். ஸ்டம்பின் உயரம் 71 செ.மீ. நேராகப் போட்டால், யார் போட்டாலும் அது விழும்.

அதிக உயரம் தொல்லையாகுமா?

ஆகலாம். பாகிஸ்தானின் முகமது இர்ஃபான் 7 அடி 1 அங்குலம். அவ்வளவு பவுன்ஸ் இருந்தும் ஆடியது 4 டெஸ்ட் மட்டுமே. 2015 உலகக் கோப்பையின் நடுவே இடுப்பெலும்பில் விரிசல் கண்டு வெளியேற நேர்ந்தது.

காயம் எல்லோருக்கும் வரும். வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுவது வழக்கமான பிரச்சினை, வளரும் வயதில் ஆபத்து இன்னும் அதிகம். இதனால்தான் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இளையோர் எத்தனை ஓவர் போடலாம் என்பதற்கு வயதுவாரியாக வரம்பு உண்டு. 14 வயதில் கிடுகிடுவென வளர்ந்துவிட்ட பையனுக்கே எல்லா ஓவரையும் கொடுப்பது அவனுக்கு நல்லதல்ல.

இன்னும் வளராத பையனை அதே 14 வயதில் ஒதுக்குவதும் சரியல்ல. சிலர் 13இல் வளர்வார்கள், சிலர் 17இல். அன்றைய உயரத்தை வைத்து எடுக்கும் முடிவு, யார் முந்தி வளர்ந்தார் என்பதைத்தான் காட்டும். யார் நல்ல பந்து வீச்சாளர் என்பதைக் காட்டாது.

சுருக்கமாக

• உயரம் பவுன்ஸ் தரும். பெர்த் போன்ற துள்ளும் ஆடுகளங்களில் அதன் மதிப்பு கூடும், தாழ்வாக வரும் ஆடுகளங்களில் குறையும்.
• வேகம் பெரும்பாலும் ஓட்டம், முன்கால், உடல் அசைவு ஆகியவற்றிலிருந்து வருகிறது.
• ஸ்விங், யார்க்கர், துல்லியம் ஆகியவற்றுக்கு உயரத் தகுதி கிடையாது.

ஆகவே திரிங்காப்பில் யாராவது "உயரம் பத்தாது" என்றால், மறுபடி சுவரில் கோடு போட்டு அளக்க வேண்டாம். ஒரே ஒரு ஸ்டம்பை நட்டு வையுங்கள். பத்துப் பந்தில் எத்தனை தடவை அது விழுகிறது என்று எண்ணுங்கள். அடுத்த மாதம் திரும்பவும் எண்ணுங்கள். உயரம் நம் கையில் இல்லை, இந்தக் கணக்கு நம் கையில்தான் இருக்கிறது.