முகவரி மட்டும் போதுமா?

ஒரு தெருவில் பத்தாம் எண்ணில் ஒரு வீடு இருக்கிறது. அங்கு வைத்த பொருளை மறுநாள் போய் எடுத்துக்கொள்ளலாம். பதினோராம் எண்ணில் இருப்பது கோயில் உண்டியல். அதில் இட்டது இட்டதுதான். கதவிலக்கத்தை மட்டும் அறிந்தவனுக்கு இவ்வேறுபாடு தெரியாது. கணிப்பொறித் துறையில் நெடுங்காலம் தொல்லை தந்த சிக்கல் ஒன்றும் ஏறத்தாழ இத்தகையதே.

ஒரே பரப்பில் இரு வகை

1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் பிடிபி-11 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதே நிறுவனத்தின் முந்தைய பிடிபி-8 கணிப்பொறியில் வெளிக்கருவிகளை இயக்கத் தனி ஆணைகள் இருந்தன. பிடிபி-11 அவற்றை நீக்கிற்று. அதன் 64 கிலோபைட் முகவரிப் பரப்பில் மேற்பகுதி 8 கிலோபைட் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. நினைவகத்தில் எண்ணை எழுதும் அதே ஆணை, கருவியையும் இயக்கியது. எளிய, அழகிய ஏற்பாடு!

ஆனால் கருவியின் முகவரி உண்மையான நினைவகம் அன்று. நினைவகத்தை எத்தனை முறை படித்தாலும் அதிலுள்ளது மாறாது. பிடிபி-11இல் விசைப்பலகையின் முகவரியை ஒரு முறை படித்தாலே, 'எழுத்து வந்துள்ளது' என்னும் அடையாளம் அழிந்துவிடும். மேலும், விரைவை நாடும் பிற்காலச் செயலகங்கள் எழுதவேண்டியவற்றைச் சேர்த்துவைப்பதும், வரிசையை மாற்றுவதும் உண்டு. நினைவகத்திற்கு இது நன்மை, கருவிக்குக் கேடு. எனவே ஸ்பார்க்-64 போன்ற செயலகங்களில் கருவிப் பரப்பைத் தனி முறையில்தான் அணுகவேண்டும். இன்டெல் வகையிலோ சாதாரண ஆணையாலேயே பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். அதனால் அங்கே பிழை வெளியே தெரிவதில்லை.

பிழை வெளிப்பட்ட விதம்

பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் உருவாக்கிய லினக்ஸ் முதலில் இன்டெல் 386 செயலகத்திற்கென எழுதப்பட்டது. பின்னர் அது பலவகைச் செயலகங்களுக்கும் பரவியது. மறைந்திருந்த பிழைகளும் தலைகாட்டின. 2004-இல் ஓர் ஏற்பாடு வந்தது. கருவி முகவரிகளுக்கு நிரலிலேயே ஓர் அடையாளம் இடப்பட்டது. 'ஸ்பார்ஸ்' என்னும் சோதனை நிரல், அடையாளம் மாறிப் பயன்படும் இடங்களை முன்னதாகவே சுட்டிக்காட்டும்.

ஆயினும் திரைப் படங்களுக்கான நினைவகத்தில் இது போதவில்லை. ஒரு படம் கணிப்பொறியின் பொது நினைவகத்திலும் இருக்கலாம். படக்கருவியின் சொந்த நினைவகத்திலும் இருக்கலாம். எங்கே என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். அப்பகுதியை எழுதியவர்கள் அடையாளத்தைக் களைந்து, வெறும் முகவரியையே கைமாற்றினர். இன்டெல் கணிப்பொறியில் திரை ஒளிர்ந்தது. ஸ்பார்க்-64இல் இயக்க அமைப்பின் உட்கருவே சரிந்தது.

2020-இல் தீர்வு கிடைத்தது. முகவரியுடன், 'இது கருவி நினைவகமா?' என்னும் வினாவிற்கு ஆம், இல்லை என்று விடை கூறும் ஒரு குறிப்பும் சேர்த்துக் கட்டப்பட்டது. இக்கட்டினைப் பிரித்து முகவரியை நேரடியாகத் தொடலாகாது. நகலெடுத்தல், எழுதுதல் முதலியவற்றுக்கென உள்ள துணைச் செயல்களிடம் அதனை ஒப்படைக்கவேண்டும். அவை குறிப்பைப் பார்த்து உரிய ஆணையைத் தேர்ந்துகொள்ளும். 2022-இல் இதற்கு 'ஐஓசிஸ்-மேப்' என்னும் பொதுப்பெயர் இடப்பட்டது.

இது எல்லாப் பிழைகளையும் தடுக்கும் என்பதில்லை. பரப்பின் நீளத்தை இது அறியாது. எல்லை மீறி எழுதாமல் காப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பே. ஆனால் நினைவில் வைத்திருக்கவேண்டிய ஒரு செய்தியை மனிதனிடமிருந்து வாங்கிப் பொருளுடனேயே சேர்த்துவைத்தது இதன் சிறப்பு.

இயற்பியல் தேர்வில் விடை '5' என்று மட்டும் எழுதினால் நாங்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. ஐந்து மீட்டரா, ஐந்து வினாடியா? அலகில்லாத எண்ணைப் போன்றதே, வகை கூறாத முகவரியும்.